இலையைப் புரட்டிப் பாருங்கள்!

"எனக்குக் கைராசி இல்லைங்க. நான் எதை வைத்தாலும் பட்டுப்போய்விடும்."

மாடித் தோட்டம் போட ஆசைப்பட்டு, பாதியில் கைவிட்ட எத்தனையோ பேர் சொல்லும் வாக்கியம் இது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட வளர்ப்புப் பைகள், காய்ந்த தென்னை நார்க்கழிவு, பாதி தீர்ந்த வேப்பெண்ணெய் பாட்டில், பிரிக்காத விதைப் பொட்டலம். நான்கு கத்தரி, ஆறு தக்காளி, இரண்டு மிளகாய் என்று உற்சாகமாகத் தொடங்கியவர், இலை மஞ்சளானதும் மனம் ஒடிந்து, "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

அந்தத் தீர்ப்பை இன்றே கிழித்துப் போடுங்கள்!

கைராசி என்று ஒன்று கிடையாது. இலை மஞ்சளாவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பட்டம் வேண்டாம், பரம்பரை நிலம் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டு கண், ஒரு விரல், கொஞ்சம் பொறுமை போதும். இந்த மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. பிறகு ஏன் தயக்கம்?

ஊற்றும் கையை நிறுத்துங்கள்

இலை வெளுத்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? பதறுகிறோம். காலையில் ஒரு வாளி தண்ணீர். பக்கத்து வீட்டார் சொன்னார் என்று ஒரு பிடி டி.ஏ.பி. கைப்பேசியில் யாரோ சொன்னார் என்று மாலையில் எப்சம் உப்பு. மறுநாள் பஞ்சகவ்யம், அதற்கு மறுநாள் வேப்பெண்ணெய். நான்காம் நாள் செடி சாய்கிறது. எதனால் சாய்ந்தது என்று அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது.

காய்ச்சல் என்று போனால், நாக்கைப் பார்க்காமல், நாடி பார்க்காமல், அலமாரியில் இருக்கும் ஊசியையெல்லாம் வரிசையாகக் குத்தும் வைத்தியரிடம் உங்கள் பிள்ளையைக் காட்டுவீர்களா? செடிக்கு மட்டும் ஏன் அந்தக் கொடுமை?

பதற்றம் அறியாமையின் பிள்ளை. அறிவு வந்த இடத்தில் பதற்றத்துக்கு இடமில்லை. எதையும் ஊற்றுவதற்கு முன்னால் நான்கே நான்கு கேள்விகள் கேளுங்கள். அந்த நான்கும் உங்களுக்குப் பழகிவிட்டால், உங்கள் மாடியில் பெரும்பாலான சிக்கல்களுக்கு நீங்களே விடை சொல்வீர்கள்.

முதல் கேள்வி: எந்த இலை?

மஞ்சள் அடியிலிருந்து ஏறுகிறதா, உச்சியிலிருந்து இறங்குகிறதா? பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. இவற்றில் ஒன்று குறைந்தால், செடி பழைய இலையில் இருப்பதை உருவிப் புதுத் தளிருக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் வாடும். இரும்பு, துத்தநாகம், கால்சியம், போரான் போன்றவை அப்படி எளிதில் நகராதவை. இவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும். கொழுந்துதான் வெளுக்கும் அல்லது சுருங்கும்.

இந்த ஒரே உண்மையைத் தெரிந்துகொண்டால் எத்தனை வீண் செலவு மிச்சம்! கொழுந்து வெளுத்த செடிக்கு யூரியா போட்டுக்கொண்டே இருப்பவர், இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறார்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். வளர்ந்த தக்காளியின் அடியில் ஓரிரு இலைகள் பழுத்து உதிர்வது இயற்கை. வயதான இலை விடைபெறுகிறது, அவ்வளவுதான். கிள்ளிப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். எல்லா மஞ்சளும் ஆபத்து இல்லை என்று தெரிந்துகொள்வதே தைரியத்தின் முதல் படி.

இரண்டாம் கேள்வி: என்ன கோலம்?

இலையைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். நரம்பு எந்த நிறம்? நரம்புக்கு இடைப்பட்ட பகுதி எந்த நிறம்? ஓரம் எப்படி?

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. தொட்டிச் செடிகளில் அதிகம் காண்பது இதுதான். தொட்டியில் மண் குறைவு, தண்ணீரோ தினமும் ஊற்றுகிறோம். கரைந்த தழைச்சத்து அடித்துளை வழியே ஒழுகிப் போய்விடுகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அல்லது ஊறவைத்து நன்றாக நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசல். புதிதாக வரும் இலை பதில் சொல்லும்.

அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று, நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. இலைக்குப் பச்சை நிறம் தரும் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் பச்சை ஏது? ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் எப்சம் உப்பு கரைத்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள்.

அதே கோலம் கொழுந்தில் வந்தால் இரும்புச்சத்துக் குறைவு. பச்சை வலை பின்னியதுபோல் நரம்புகள் தெரியும். முற்றினால் கொழுந்து வெள்ளையாகவே மாறும். கடினமான ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றும் மாடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் உப்புகள் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளுகின்றன. மண்ணில் இரும்பு இருக்கும். வேரால் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டால், காரம் இன்னும் ஏறி நிலைமை மோசமாகும். நல்லெண்ணத்தோடு செய்யும் வேலைகூடக் காரணம் தெரியாமல் செய்தால் கெடுதலில் முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடி இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பானால் சாம்பல் சத்தைச் சந்தேகப்படுங்கள். கூடவே தொட்டியின் விளிம்பையும் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? உப்பு மிகுந்தாலும் ஓரம் கருகும். அங்கே உரம் போடுவதை நிறுத்தி, நல்ல தண்ணீரை அடித்துளை வழியே வழிய வழிய ஊற்றி மண்ணை அலச வேண்டும். ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம். இரண்டுக்கும் எதிரெதிர் வைத்தியம். அதனால்தான் சொல்கிறேன்: பார்த்துவிட்டுச் செய்யுங்கள்!

மூன்றாம் கேள்வி: இலையின் முதுகில் யார்?

மேலிருந்து பார்த்தால் இலை பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதி உண்மை அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. இலையை மெதுவாகப் புரட்டுங்கள்.

கத்தரி இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடியாக வெளிறியிருக்கிறதா? புரட்டினால் நரம்பின் ஓரத்தில் தூசி போன்ற புள்ளிகள். அதைத் தூசி என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்கின்றனவா? செஞ்சிலந்தி! இலைக்கும் காம்புக்கும் இடையே மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். காய்ந்த வெயில் காலம் இதற்குக் கொண்டாட்டம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பக்கத்தைக் கழுவுவதே முதல் வைத்தியம்.

செடியைத் தொட்டதும் வெள்ளைப் பொடி பறப்பதுபோல் எழுந்து மீண்டும் உட்கார்ந்தால் வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடியின் உயரத்துக்குத் தொங்க விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கரையச் சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்த்துவிட்டுப் பிறகு செடி முழுவதும் தெளிப்பது நல்லது.

மிளகாய் இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்தி. இந்த வேறுபாடு சிறியது என்று நினைக்காதீர்கள். சிலந்தி பூச்சி இனமே கிடையாது. பூச்சிக்கு அடிக்கும் பல மருந்துகள் அதை ஒன்றும் செய்யா. எதிரி யார் என்று தெரியாமல் சுழற்றும் வாள் காற்றைத்தான் வெட்டும்!

தக்காளியின் அடி இலையில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் என்றால் அது பூஞ்சணம் கொண்டுவரும் முன்பருவக் கருகல். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள்.

நான்காம் கேள்வி: வேர் என்ன சொல்கிறது?

ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். மேல் மண் காய்ந்திருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுகிறோம். உள்ளே சொதசொதவென்று இருக்கும். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு, இலை மஞ்சளாகிறது என்றால் வேருக்குக் காற்று இல்லை. வேரும் மூச்சு விடுகிறது! துளை அடைத்த தொட்டியில் அது மூச்சு முட்டி அழுகுகிறது. அந்தச் செடிக்கு இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு குச்சியை விட்டு அடித்துளையைத் திறந்துவிடுங்கள். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

கலவையையும் பாருங்கள். மக்காத தென்னை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து நார்க்கழிவை மக்கவைக்கும் முறையைச் சொல்லித் தருகிறது. அதில் இந்த விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு இறங்குகிறது. ஆகவே, கட்டியாக வாங்கியதை அப்படியே நிரப்பாதீர்கள். நன்றாக அலசி உப்பை நீக்கி, மக்கியதா என்று பார்த்து, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நிரப்புங்கள். "விதை சரியில்லை, வெயில் சரியில்லை, நேரம் சரியில்லை" என்று நாம் புலம்பிய பல செடிகள், நட்ட நாளிலேயே இந்தக் கலவையிடம் தோற்றவை.

ஒரு திட்டு இலையிலிருந்து ஒரு புது உலகம்

"இலையைப் பார்ப்பதில் என்ன பெரிய சாதனை?" என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

1879-ல் ஹாலந்தின் வாகனிங்கன் ஊரில் அடால்ஃப் மேயர் என்ற வேளாண் ஆய்வாளர் புகையிலைச் செடிகளை ஆராயத் தொடங்கினார். இலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிறமாற்றம். மண்ணைச் சோதித்தார், சத்துகளைச் சோதித்தார், விடை இல்லை. நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினார். நல்ல செடிக்கும் நோய் வந்தது! 1886-ல் அந்த முடிவை வெளியிட்டார். காரணம் பாக்டீரியாவாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

1892-ல் ரஷ்யாவின் டிமிட்ரி இவனோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுத்துவிடும் நுண்வடிகட்டியில் அந்தச் சாற்றை வடித்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. வாகனிங்கனில் மேயரோடு பணியாற்றிய மார்டினஸ் பெய்ஜரிங்க் 1880களில் இதே நோயின் கிருமியைத் தேடித் தோற்றவர். அவர் சும்மா இருந்தாரா? பத்தாண்டு கழித்து டெல்ஃப்ட் நகரில் மீண்டும் அதே இலையைக் கையில் எடுத்தார். 1898-ல் அறிவித்தார்: இது பாக்டீரியா இல்லை, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் புதுவகைத் தொற்று. அதைத்தான் இன்று உலகம் வைரஸ் என்று அழைக்கிறது.

எண்ணிப் பாருங்கள்! வைரஸ் என்ற ஓர் உலகம் மனிதனுக்குத் தெரிய வந்ததே, நிறம் மாறிய ஓர் இலையைச் சிலர் விடாமல் பார்த்ததால்தான். அவர்களில் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் 1939-ல்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாததைக்கூடச் சிந்தனையால் பிடித்தார்கள். உங்களுக்கோ கண்ணுக்கு முன்னால் எல்லாம் தெரிகிறது. நீங்கள் முடியாது என்று சொல்லலாமா?

சந்தேகமா? சோதியுங்கள்!

பிரான்சில் 1840களில் யூசெப் க்ரீ என்பவர், வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்புக் கரைசலை இட்டு மீண்டும் பசுமையாக்கிக் காட்டினார். அதே சோதனையை உங்கள் மாடியில் நீங்கள் செய்யலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு ஒரு கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். வெளுத்த கொழுந்து இலையின் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். மறுபாதியைத் தொடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் காத்திருங்கள். தடவிய பாதி பச்சை கண்டு, தடவாத பாதி வெளுப்பாகவே நின்றால், இரும்புச்சத்துக் குறைவு என்று உங்கள் கண்ணாலேயே நிரூபித்துவிட்டீர்கள். இனி யார் என்ன சொன்னாலும் நீங்கள் குழம்ப மாட்டீர்கள். நம்பிக்கை என்பது இப்படித்தான் பிறக்கிறது. யாரோ தட்டிக்கொடுத்து வருவதைவிட, நாமே சோதித்துத் தெரிந்துகொண்டதில் வரும் நம்பிக்கைக்கு ஆயிரம் மடங்கு பலம்!

ஒரே ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். இன்று உரம் என்றால் இன்று உரம் மட்டும். குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பழைய இலை திரும்பப் பச்சையாகவில்லையே என்று கலங்காதீர்கள். புதிதாக வரும் இலையைப் பாருங்கள். நடந்து முடிந்ததை மாற்ற முடியாது. வருவதை மாற்ற முடியும். செடிக்கும் இதுதான் விதி, உங்களுக்கும் இதுதான் விதி.

பிடுங்குவதற்கும் துணிவு வேண்டும்

வெண்டை இலையில் நரம்புகள் பளிச்சென்று மஞ்சளாகி, நடுவில் மட்டும் பச்சை மிஞ்சுகிறதா? இரும்புக் குறைவின் கோலம் தலைகீழாக நிற்கிறதா? அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். 1924-ல் அன்றைய பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய். வைரஸ் தருவது, வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "பூ விட்டிருக்கிறதே, இரண்டு காய் வருமே" என்று இரக்கப்பட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இரக்கம் பக்கத்தில் நிற்கும் பத்துச் செடிகளைப் பலி கேட்கும். வேரோடு பிடுங்குங்கள், பையில் போட்டுக் கட்டுங்கள், அப்புறப்படுத்துங்கள். அடுத்த விதைப்பில் இந்த நோயைத் தாங்கும் ரகத்தைத் தேடி வாங்குங்கள். ஒரு செடியைக் கைவிடுவது தோல்வி ஆகாது. எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும் என்று தெளிந்து முடிவெடுப்பவரே தோட்டத்தின் தலைவர். வாழ்க்கையிலும் அப்படித்தான். பலன் தராததைப் பிடித்துக்கொண்டு அழுவதால், பலன் தரக் காத்திருப்பவை பாழாகின்றன.

இனி உங்கள் முறை

நாளைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் மாடிக்குப் போங்கள். கையில் தண்ணீர்க் குழாய் வேண்டாம், உரப்பை வேண்டாம். ஒரு பேனா, ஒரு குறிப்பேடு போதும். இருப்பதிலேயே நோஞ்சானாக நிற்கும் செடியின் முன்னால் உட்காருங்கள். எந்த இலை? என்ன கோலம்? முதுகில் யார்? வேர் எப்படி? நான்கு பதிலை எழுதுங்கள். ஒரு காரணத்தை ஊகியுங்கள். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் எழுதுங்கள்.

ஊகம் தப்பினால் என்ன? மேயரும் தப்பாகத்தான் நினைத்தார். அவர் எழுதி வைத்தது அடுத்தவருக்குப் படியானது. உங்கள் தப்பு உங்கள் அடுத்த செடிக்குப் படியாகும். ஒரு பட்டம் முடிவதற்குள் உங்கள் குறிப்பேடு உங்களுக்கே ஆசானாகிவிடும். அப்போது தெருவில் நான்கு பேர் பழுத்த இலையோடு உங்களைத் தேடி வருவார்கள். அவர்களிடம் மருந்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்த நான்கு கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். பார்க்கத் தெரிந்த ஒருவர் நூறு பேரின் கண்ணைத் திறக்கலாம். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்!